பெட்டிக்கு விலை, ஒயருக்கு இலவசம்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் காரில் சப்வூஃபர் பொருத்துவதைப் பற்றிப் பேச்செடுத்தால் இருவகை எதிர்வினைகள் வரும். ஒரு சாரார் முகம் சுளிப்பர். அவர்களைப் பொறுத்தவரை அது இரவு பதினொரு மணிக்குத் தெருவை அதிரவைத்துக்கொண்டு போகும் விடலைகளின் சாதனம். மறு சாரார், "தமிழ் வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று புன்னகையோடு கேட்பர். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பழைய காரில் ஒரு சப்வூஃபரைப் பொருத்திப் பாட்டுக் கேட்பது இழிவான ஆசையன்று என்பது என் முதல் கருத்து. அதைப் பொருத்தும் வேலையில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்க மறுக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு வந்து சேர்வதற்காகவே முதலாவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கவல்லது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றுள் அடித்தட்டில் உள்ளவற்றை, அதாவது ஏறத்தாழ 20 முதல் 100 வரையிலான பகுதியை மட்டும் ஒலிப்பதற்கென்று செய்யப்பட்ட பெரிய ஒலிபெருக்கியே சப்வூஃபர். சிறிய கார்களின் கதவிலோ டேஷ்போர்டிலோ இருக்கும் நான்கு அங்குல ஒலிபெருக்கிகளால் அந்தப் பகுதியைத் தர இயலாது. எவ்வளவு விலையுயர்ந்ததை வாங்கி மாட்டினாலும் இயலாது. தாழ்ந்த அதிர்வை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கையளவுக் காகிதக் கூம்பு எவ்வளவு காற்றைத் தள்ளிவிடும்? நாற்கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தக் கம்பி மீட்டப்படும்போது சிறிய ஒலிபெருக்கியில் நமக்குக் கிடைப்பவை அதன் மேலடுக்கு அதிர்வுகள் மட்டுமே. அடி அதிர்வை நம் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பல ஆண்டுகளாகப் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் நாம் கேட்ட பாட்டுகளில் பெரும்பகுதி இப்படிப் பாதி கேட்டும் பாதி ஊகித்தும் வந்தவைதாம்.

தமிழ் படித்தவர்கள் இதைப் புதுமையாக நினைக்க வேண்டியதில்லை. பழந்தமிழ் இசை மரபு ஒலி நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று மூன்றாகப் பகுத்து வைத்திருக்கிறது. சிலப்பதிகார உரைகளைப் புரட்டியவர்கள் இச்சொற்களை அறிவர். மெலிவு என்பது தாழ்ந்த நிலை. இன்று மந்தர ஸ்தாயி என்கிறோமே, அது. 'மெலிவு' என்று பெயர் வைத்தவர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தார்கள். மிருதங்கம் வாசிப்பவர் கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசையை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரப் பசையின் கனம்தான் தோலின் அதிர்வைத் தாழ்த்தி அடிநாதத்தைத் தருகிறது. உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் அந்த முனகல் ஒலியைக் கோயில் கொடைகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாழ்ந்த ஒலி என்பது வயிற்றில் வந்து தங்கும் ஒன்று என்று விளக்க வேண்டியதே இல்லை. நம் செவிக்கு மெலிவு அந்நியமன்று. நம் கருவிகளில் பல தாழ்ந்தே பேசின. அவற்றைப் பதிவுசெய்து நமக்குத் திருப்பித் தந்த மலிவான ஒலிபெருக்கிகள்தாம் மேலே மட்டும் பேசின.

திரையிசைக்கு வந்தால் இழப்பு இன்னும் பெரிது. 1976இல் அன்னக்கிளி வழியாக வந்த இளையராஜா, பேஸ் கிட்டாரைத் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய எண்பதுகளின் பாடல்கள் பலவற்றில் பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கிட்டார் அதற்கு எதிராகவோ இணையாகவோ தனக்கென்று ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு நடக்கும். பல்லாண்டுகள் அவரிடம் அக்கருவியை வாசித்த சசிதரன் போன்ற கலைஞர்களின் வாழ்நாள் உழைப்பு அந்தத் தாழ்ந்த கோட்டில்தான் இருக்கிறது. கேசட்டில் முந்நூறு முறை கேட்ட பாட்டொன்றை அடித்தட்டு சரியாக ஒலிக்கும் ஓரிடத்தில் முதன்முறை கேட்கிறவர், "இதில் இப்படியொன்று இருந்ததா?" என்று வியப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு செய்யுளின் எதுகையை மட்டும் படித்துவிட்டு மோனையைக் கிழித்துப் போட்ட பிரதியை வைத்துக்கொண்டு நாம் பாடம் நடத்துவோமா?

ஆகவே சப்வூஃபர் என்ற ஆசையில் தவறில்லை. அதன் பயன்பாட்டில் தவறு உண்டு. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். ஒரு சிறிய காரின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு. இவ்வளவு நீண்ட அலைகளைக் கண்ணாடியும் மெல்லிய தகரமும் தடுப்பதில்லை. குரலையும் வயலினையும் காரின் உடல் ஓரளவு உள்ளேயே நிறுத்திவிடுகிறது. அடி அதிர்வு மட்டும் வெளியேறித் தெருவிலுள்ள வீட்டின் சன்னலைத் தட்டுகிறது. அந்த வீட்டில் இருப்பவருக்குப் பாட்டு போய்ச் சேர்வதில்லை. பாட்டின் உதை மட்டுமே போய்ச் சேர்கிறது. எனவே அவருடைய எரிச்சல் முழுக்க நியாயமானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்ற அக்கட்டுப்பாட்டின் உணர்வை 2005இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஊருக்குள் நுழைந்ததும் ஒலியைத் தாழ்த்திவிடுவது சட்டத்துக்காக மட்டுமன்று, குறைந்தபட்ச நாகரிகத்துக்காகவும் செய்ய வேண்டியது. இந்த அளவுக்கு முகம் சுளிப்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

இனி இரண்டாவது கருத்துக்கு வருகிறேன்.

தாழ்ந்த ஒலிகளுக்கு நம் செவி மந்தமானது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். நடுத்தர அதிர்வுக்குச் சமமான உரப்பில் ஒரு தாழ்ந்த அதிர்வு கேட்க வேண்டுமானால் அதற்குப் பன்மடங்கு ஆற்றல் செலவிட வேண்டும். எனவேதான் சப்வூஃபருக்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் தேவைப்படுகிறது. அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் தர, ஸ்டீரியோவின் பின்னாலிருக்கும் மெல்லிய ஒயர் போதாது. அந்த இணைப்பு பத்து அல்லது பதினைந்து ஆம்பியருக்கு என்று அமைக்கப்பட்டது. ஆகவே பேட்டரியிலிருந்தே ஒரு தடித்த ஒயரை நேரடியாக எடுத்து, எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரைத் துளைத்து, தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டி, பின்னால் கொண்டுவர வேண்டும். சிறிய காரில் இது நான்கு மீட்டர் தூரம். வேலை முடிந்தபின் இந்த நான்கு மீட்டரில் ஓர் அங்குலம்கூட உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது பின்னாலிருக்கும் பெட்டியும் அதன்மேல் பளபளக்கும் வளையமும்தான்.

இந்தத் தெரியாத நான்கு மீட்டரில் என்ன நடக்கிறது என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். வீட்டு விளக்குகளுக்கு ஓட்டுவார்களே, ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், அதை நான்கு மீட்டர் ஓட்டி 20 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், அந்த ஒயருக்குள்ளேயே ஏறத்தாழ 27 வாட் வெப்பமாக வீணாகும். எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் சிறிய சாலிடரிங் அயர்ன் 25 வாட். அதாவது ஒரு சாலிடரிங் அயர்னைத் தரைவிரிப்புக்கு அடியில் நீளவாக்கில் படுக்கவைத்துவிட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு பயணிக்கிறோம். எட்டுச் சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் அதே மின்னோட்டத்துக்கு வீணாவது மூன்றரை வாட் மட்டுமே. இரண்டு ஒயர்களுக்கும் உள்ள விலை வேறுபாடு பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம்.

தடிமன் மட்டும் போதாது. சந்தையில் தாமிர முலாம் பூசிய அலுமினிய ஒயர்கள் நிறையக் கிடைக்கின்றன. பார்வைக்குத் தாமிரம் போலவே சிவந்திருக்கும். அதே தடிமனுள்ள தாமிரத்தைவிட அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஓர் இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகப் பல்லைக் காட்டிவிடும். ஆனால் சுரண்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஃபியூஸ். பாடநூல்கள் இதை 'மின் உருகு இழை' என்கின்றன. நல்ல சொல், ஆனால் அது எதைக் காக்கிறது, எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அச்சொல்லில் விடையில்லை. ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் ஏற்கெனவே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆம்ப்ளிஃபையரில் இருப்பது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கு. பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நான்கு மீட்டர் ஒயரைக் காக்க அதனால் ஆகாது. தகரச் சுவரில் துளைத்த ஓட்டையின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அங்கே ரப்பர் வளையம் போடாமல் ஒயரை இழுத்துவிட்டால், எஞ்சினின் அதிர்வில் நாளுக்கு ஒரு மயிரிழை என்று அறுத்துக்கொண்டே வந்து ஒரு நாள் தாமிரம் தகரத்தைத் தொடும். காரின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனை. எனவே அந்தக் கணத்தில் பேட்டரியின் முழு வலிமையும் அந்த ஒயர் வழியே பாயும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியர் அளவில் கொடுக்கும் பேட்டரி, தடையற்ற பாதை கிடைத்தால் அதைவிடப் பலமடங்கு கொடுக்கும். பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸுக்கு இந்தச் செய்தியே எட்டாது. பேட்டரிக்கு மிக அருகில், அதிகம் போனால் 45 சென்டிமீட்டருக்குள், ஒயரின் தாங்குதிறனுக்கு ஏற்ற ஃபியூஸ் இருந்தால் மட்டுமே அந்த ஒயர் பிழைக்கும்.

என் துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு தம் பழைய காரில் போய்க்கொண்டிருந்தார். கயத்தாறு தாண்டியதும் காலடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பின்னிருக்கையில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரங்கட்டி அவளைத் தூக்கி இறக்குவதற்குள் தரைவிரிப்பின் விளிம்பில் புகை தெரிந்தது. நல்ல வேளையாக, பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கிவந்து பேட்டரி இணைப்பைச் சாவிகொண்டு கழற்றிவிட்டார். பிற்பாடு தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ இழுத்துவிட்ட ஒயர் முழங்கை நீளத்துக்கு உருகித் தகரத்தோடு ஒட்டிக்கிடந்தது. பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இல்லை. பின்னால் பெட்டி மட்டும் சேதமின்றி, வளையம் மின்ன உட்கார்ந்திருந்தது. நண்பர் அதன்பின் காரில் பாட்டே கேட்பதில்லை. அவர் மனநிலை எனக்குப் புரிகிறது. எனினும் குற்றவாளி பாட்டன்று.

பழைய கார் என்பதால் இன்னும் சில கவலைகள் கூடுகின்றன. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் ஓட்டுகிறேன். அக்காலச் சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர், முகப்பு விளக்கு, வைப்பர், ஹாரன், ஒரு சிறிய ஸ்டீரியோ ஆகியவற்றைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டது. முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்தே 120 வாட் அளவில் எடுக்கும். மழை இரவில் எல்லாம் ஓடும்போது மீதமிருப்பது கொஞ்சமே. அந்த மீதத்துக்குள் அடங்குகிற சப்வூஃபரைத்தான் பொருத்த வேண்டும். இருக்கைக்கு அடியில் வைக்கும், ஆம்ப்ளிஃபையரும் உள்ளடங்கிய எட்டு அங்குல வகை, உண்மையான 100 அல்லது 150 வாட்டில் கிடைக்கிறது. மெட்டாக நடக்கும் பேஸைக் கேட்க விரும்புகிறவருக்குச் சிறிய காரில் அதுவே நிறைவு தரும். காரின் அறை சிறிதாக இருப்பதே தாழ்ந்த ஒலிக்குத் துணைசெய்கிறது.

'உண்மையான' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெட்டியின்மேல் 1500 வாட் என்றும் 3000 வாட் என்றும் அச்சடித்திருப்பார்கள். அதை நம்ப வேண்டுமா என்று அறிய மின்பொறியியல் படிக்க வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டிலுள்ள ஃபியூஸின் எண்ணைப் பாருங்கள். அதில் 20 என்று இருந்தால், கார் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டால் பெருக்குங்கள். 276 வாட் வரும். தொடர்ந்து உள்ளே போகவல்லது அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். 276 உள்ளே போய் 1500 வெளியே வரும் இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அடுத்து எர்த். ரப்பர் சக்கரங்களின்மேல் நிற்கும் காருக்குப் புவியோடு என்ன இணைப்பு? பட்டறைக்காரர்கள் 'பாடி எர்த்' என்கிறார்கள்; பாடநூற் சொல்லைவிட இது துல்லியமானது என்பேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து திரும்பும் மின்னோட்டம் காரின் உடல்வழியேதான் பேட்டரிக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே போகும் ஒயர் எவ்வளவு தடிமனோ, திரும்பும் ஒயரும் அவ்வளவு தடிமனாக, அரை மீட்டருக்குள் குட்டையாக இருக்க வேண்டும். உடலில் பூச்சைச் சுரண்டிப் பளிச்சென்ற உலோகம் தெரியச் செய்து, லக் வைத்து போல்ட்டால் இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பூசிவிட வேண்டும். சீட் பெல்ட்டின் போல்ட்டில் மட்டும் மாட்டக் கூடாது. அது உயிர் காக்கும் போல்ட். பழைய காரில் துரு ஏறிய இடத்தில் எர்த் எடுத்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டின் நடுவே கொசு ரீங்காரம்போல் ஓர் ஒலி ஏறி இறங்கும். ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒலிக்கம்பியைக் காரின் ஒரு பக்கமாகவும் மின் ஒயரை மறுபக்கமாகவும் ஓட்டச் சொல்வதும் இத்தகைய இரைச்சலைத் தவிர்க்கத்தான். ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் மெல்லிய நீல ஒயரை ஸ்டீரியோவோடு சேர்க்காமல் எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் சேர்த்துவிட்டால், காரை இரண்டு நாள் நிறுத்திவைத்தாலே பேட்டரி படுத்துவிடும். இவற்றில் எதுவும் கடினமான அறிவன்று. பொறுமையாக அரை நாள் செலவிட வேண்டிய வேலை, அவ்வளவே.

அந்த அரை நாளுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? இங்கேதான் என் கவலை முழுவதும் இருக்கிறது.

என்னிடம் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு வரை படித்து, குடும்பச் சூழலால் நின்றுவிட்ட மாணவர் ஒருவர் பாளையங்கோட்டையில் கார் எலக்ட்ரிக் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, பொட்டிக்கு மறுபேச்சு பேசாம துட்டு குடுக்காவ. ஒயருக்கு மட்டும் எதுக்குன்னு கேக்காவ. ஃபியூஸ் போடணும்னு சொன்னா, நான் என்னமோ கூடக் கொஞ்சம் கறக்கப் பாக்கேன்னு நெனைக்காவ." நான், "நீ என்ன செய்வாய் தம்பி?" என்றேன். "என் கைக்காசுல போட்டுருதேன் ஐயா. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா ராத்திரி தூக்கம் வராதுல்லா" என்றார்.

இந்த மனிதரின் உறக்கத்தின்மேல்தான் நம் பாதுகாப்பு நின்றுகொண்டிருக்கிறது. இதை ஒரு சமூக ஏற்பாடு என்று சொல்ல முடியுமா? முன்பெல்லாம் பெட்டியையும் ஆம்ப்ளிஃபையரையும் கடைக்காரரே விற்றார். அதில் கிடைத்த லாபத்தில் பொருத்தும் கூலியை மறைத்துக்கொண்டார். 'ஃபிட்டிங் இலவசம்' என்ற பலகை அந்நாளில் ஓரளவு உண்மையாகவே இருந்தது. இன்று பெட்டியை இணையத்தில் வாங்கிக் கொண்டுவந்து இறக்குகிறோம். பட்டறைக்காரருக்கு அதில் ஒரு காசும் கிடைப்பதில்லை. ஆனால் கூலி மட்டும் பழைய பலகையின் நினைவிலேயே, இலவசத்துக்கு மிக அருகில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கையில் வரும் தொகை குறைந்தால் வேலை எங்கே குறையும்? கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குறையாது. தரைவிரிப்புக்கு அடியில்தான் குறையும். ரப்பர் வளையம் போகும். ஒயரின் தடிமன் போகும். கடைசியில் ஃபியூஸ் போகும். எல்லாரும் என் மாணவரைப் போல் கைக்காசு போட மாட்டார்கள். போட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமையில்லை.

பட்டறைகளிலும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு என்று சொல்வீர்கள். உண்டு. அவர்களை இனங்காண வேண்டுமானால் நமக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டுமானால் இந்த அறிவு நம் மொழியில் நமக்குப் புரியும் வாக்கியங்களில் கிடைக்க வேண்டும். நான் பிரித்துப் பார்த்த ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளின் கையேடுகளில் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. ஒன்றிலும் தமிழ் இல்லை. பட்டறையில் சேரும் பதினெட்டு வயதுப் பையன் 'நீலத்தோடு நீலம்' என்று நிறம் பார்த்துத்தான் தொழிலைக் கற்கிறான். எதற்காக அந்த நீலம் என்று அவனுக்குச் சொல்ல ஒருவருமில்லாவிட்டால், வேறு நிறத்தில் ஒயர் வரும் பழைய கார் ஒன்று வந்ததும் அவன் தடுமாறுவான். தமிழ்த் துறையினராகிய நாம் கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம். ஃபியூஸை மின்னுருகி என்பதா, உருகி என்பதா, உருகு இழை என்பதா என்று அங்கே பேசலாம். ஆனால் 'ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் அது ஒயரைக் காக்கிறது' என்ற ஒரு முழு வாக்கியத்தை யார் எழுதிவைப்பது? சொற்பட்டியல்களைவிட அத்தகைய வாக்கியங்களுக்குத்தான் இன்று தட்டுப்பாடு. ஃபியூஸ் என்ற சொல் ஃபியூஸாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இலக்கிய இதழ் படிப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு தனிக் காரணமும் உண்டு. உழைப்பைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம், நெகிழ்கிறோம். கரிசல் சம்சாரியின் கைகளைப் பற்றியும் நெசவாளியின் கால்களைப் பற்றியும் எழுதப்பட்ட கதைகளை வகுப்பில் விளக்கும்போது என் குரலே சில சமயம் தழுதழுத்துவிடுகிறது. அதே மாலையில் பட்டறையில் நின்றுகொண்டு அரை நாள் குனிந்து வேலைசெய்தவரிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. கதைக்குள் இருக்கும் உழைப்பாளிக்குக் கண்ணீரும் கண்முன் இருப்பவருக்குப் பேரமும் என்றால், நம் வாசிப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை எளியது. பழைய காரை வைத்திருப்பவர்கள் அதில் நல்ல இசையைக் கேட்க விரும்பினால், தயங்காமல் ஒரு சிறிய சப்வூஃபரைப் பொருத்திக்கொள்ளுங்கள். பெட்டிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைக் குறைத்து, நல்ல தாமிர ஒயருக்கும் ஃபியூஸுக்கும் கூலிக்கும் மாற்றிவையுங்கள். ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், தகரச் சுவரில் ரப்பர் வளையம் இருக்கிறதா, எர்த் எங்கே எடுத்திருக்கிறது என்று வேலை நடக்கும்போதே கேளுங்கள். நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். பில்லில் ஒயருக்கும் ஃபியூஸுக்கும் கூலிக்கும் தனித்தனி வரி எழுதித் தரச் சொல்லி அந்தத் தொகையைப் பேரமில்லாமல் கொடுங்கள். பிறர் பொருத்திவைத்த பழைய காரை வாங்கியவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நேர்முனையிலிருந்து கூடுதலாக ஓர் ஒயர் போகிறதா, அதில் ஒரு முழ தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிட்டு நேரே பட்டறைக்குப் போங்கள். அதுவரை பாட்டு காத்திருக்கும்.